விமானப் படிப்புக்குக் காசு யார் கொடுத்தது?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சில வாரங்களாக எங்கள் ஊர்க் குழுக்களில் ஒரு கதை ஓடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, விமானத்துறையில் படிக்க விரும்பும் சரவணைப் பிள்ளைகளுக்கு ஒரு புலமைப்பரிசில் நிதி தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. வந்த பதில்கள்தான் பல மாதிரி. "ஒரு பிள்ளைக்குக் கொட்டுற காசிலை நாப்பது பிள்ளையைப் படிப்பிக்கலாம்" என்றார் ஒருவர். "தீவுப் பிள்ளைக்கு விமானமோ, முதலிலை ஒழுங்கான பஸ் விடச் சொல்லுங்கோ" என்றார் இன்னொருவர். "படிச்சிட்டு வெளிநாட்டுக்குத்தானே போவினம்" என்பது மூன்றாவது. நான்காவதாக வயதான ஓர் அம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: "பிளேன் சத்தம் கேட்டாலே இன்னும் எனக்கு நெஞ்சு பதறுது. அதுக்கை போய்ப் பிள்ளையை ஏத்தப் போறியளோ?"

இந்த நான்கு பதிலிலும் நியாயம் இருக்கிறது. எதையும் தட்டிவிட நான் வரவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், இதற்கு முன் எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து விமானத்துறைக்குப் போனவர்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது, அந்தக் காசு என்ன செய்தது, எங்கே போதாமல் போனது என்று சொல்லிப் பார்க்கிறேன். முடிவை எல்லோரும் சேர்ந்து எடுப்போம்.

முதலில் எங்கள் தலைக்கு மேலே பறந்தவற்றைப் பற்றி.

பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. போர் முடிந்து, இலங்கை சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதலாவது பயணிகள் சேவையைத் தொடங்கியது. "சீதா தேவி" என்று பெயர் சூட்டப்பட்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, பின் சென்னைக்குப் போனது. அதாவது இந்த நாட்டின் தேசிய விமான சேவை பிறந்த அன்றே யாழ்ப்பாணத்தைத் தொட்டுவிட்டுத்தான் கடல் தாண்டியது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது அவர்களுக்கு அது புதுமையாகத் தெரிந்தது. உண்மையில் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கிய பழைய பயணம். அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. கொரோனாவால் 2020இல் நின்றது. 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது.

இடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பலாலி படைத்தளமானது. எங்கள் பிள்ளைகளுக்கு விமானம் என்றால் பொம்பர், சகடை, ஹெலி. சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும். கேட்டதும் பங்கருக்குள் ஓட வேண்டும். 1990இல் தீவக மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களான நாங்கள் வெளியேற்றப்பட்டோம். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். ஆகவே அந்த அம்மாவின் நெஞ்சு பதறுவதை நாங்கள் மதிக்க வேண்டும். ஒரு தலைமுறை முழுவதும் ஆகாயத்தைப் பயத்தோடு பார்த்திருக்கிறது. அந்தத் தலைமுறை வளர்த்த பிள்ளையிடம் "நீ விமானத்துறையில் படி" என்று சொல்வதற்கு முன், அந்த வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துப் பேச வேண்டும். காசு கொடுப்பது அதற்குப் பிறகு.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

நெடுந்தீவுக்குத் தென்மேற்கே, கச்சதீவைத் தாண்டிப் போனால் இராமேஸ்வரம். எங்களைப் போலவே தீவு. எங்களைப் போலவே உப்புக் காற்று, பனை, வள்ளம், கோயில் திருவிழாவுக்கு வரும் சனம். நயினாதீவுக்கு யாத்திரிகர்களை ஏற்றி இறக்கும் படகுக்காரரை எங்களுக்குத் தெரியும் அல்லவா, அதே வேலையை அங்கே செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1931 ஒக்டோபர் 15 அன்று பிறந்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். தகப்பனார் ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைக் கொண்டுபோன படகும் அவருக்கு இருந்தது. அந்தப் படகைப் பின்னர் புயல் கொண்டுபோனது.

கலாம் அவர்களை ஏவுகணைக்காகவும் ஜனாதிபதிப் பதவிக்காகவும் நாங்கள் நினைவு வைத்திருக்கிறோம். அவர் 2012 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து மாணவர்களோடு பேசியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அவருடைய முதல் ஆசை விமானம் ஓட்டுவது. அந்த ஆசைக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், எங்கள் ஊர் நிதிக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

முதலில் கொடுத்தவர் ஓர் ஆசிரியர். சிவசுப்பிரமணிய ஐயர், இராமேஸ்வரம் ஆரம்பப் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது முழுதாக விளங்கவில்லை. அன்று மாலை எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய், பறக்கும் பறவைகளைக் காட்டி, சிறகை எப்படி அடிக்கிறது, வாலை எப்படித் திருப்புகிறது என்று சொல்லிக் கொடுத்தார். தன் வாழ்க்கையின் திசை அங்கேதான் முடிவானது என்று கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாடத்துக்குச் செலவான காசு ஒன்றுமில்லை. அதே ஐயர், ஆசாரம் மிகுந்த தன் வீட்டுக்கு இந்த முஸ்லிம் பையனைச் சாப்பிட அழைத்ததும், வீட்டில் எதிர்ப்பு வந்தபோது தானே பரிமாறியதும் கலாமின் சுயசரிதையில் இருக்கிறது. இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பாடசாலையில் அவரைத் தூக்கிவிட்டவர் ஐயாதுரை சாலமன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர். வீட்டில் உலகத்தைப் பற்றிப் பேசிப் பேசி வளர்த்தவர் உறவினரான ஜலாலுதீன். மூன்று சமயத்தார் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தூக்கினார்கள். சரவணையில் அது முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாவதாகக் கொடுத்தவர் ராஜம் என்ற தொழிலதிபர். கலாம் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்தபின், 1954இல் சென்னை குரோம்பேட்டையில் இருந்த மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஒப் டெக்னாலஜிக்கு விண்ணப்பித்தார். அந்த நிறுவனம் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகள்தான். 1949இல் சி. ராஜம் தன்னுடைய பெரிய மாளிகையை விற்று, அந்தப் பணத்தைப் போட்டு அதைத் தொடங்கினார். விமானப் பொறியியல் கற்பிக்கும் இடம் இந்தியாவிலேயே மிகக் குறைவாக இருந்த காலம் அது. ராஜம் அவர்கள் யாரோ ஒரு பிள்ளையைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. பிள்ளைகள் வந்து படிக்க ஓர் இடத்தைக் கட்டினார். பாவனையிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு பழைய விமானங்கள் அங்கே வளாகத்தில் நிறுத்தப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போனபின் கலாம் அவற்றின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பாராம்.

மூன்றாவதாகக் கொடுத்தவர் அக்கா. அனுமதி கிடைத்துவிட்டது, கட்ட வேண்டிய தொகை ஏறத்தாழ ஆயிரம் ரூபா. அந்தக் காலத்தில் தகப்பனாரால் புரட்ட முடியாத தொகை. அக்கா ஸோஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் காசு கொடுத்தார். இதை வாசிக்கும் பல வீடுகளில் இதே கதை இருக்கும். எங்கள் ஊரில் எத்தனை பட்டங்கள் வங்கியின் அடகுச் சீட்டில் தொடங்கியிருக்கின்றன என்று கணக்கெடுத்தால் ஒரு புத்தகம் எழுதலாம்.

நான்காவதுதான் புலமைப்பரிசில். அக்காவின் வளையலைத் தன் சொந்த உழைப்பால் மீட்க வேண்டும் என்று கலாம் முடிவு செய்தார். அந்த வயதில் உழைப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி, கடுமையாகப் படித்துப் புலமைப்பரிசில் பெறுவது. பெற்றார்.

அந்தப் புலமைப்பரிசில் எப்படிப்பட்டது என்பதை ஒரு சம்பவம் காட்டுகிறது. இறுதி ஆண்டில் ஒரு குழு வேலை. தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். கலாமின் பங்கு காற்றியக்க வடிவமைப்பு. பணிப்பாளரும் அவர்களின் வடிவமைப்பு ஆசிரியருமான பேராசிரியர் சீனிவாசன் வேலையைப் பார்த்துவிட்டு, மிகவும் மோசம் என்றார். கலாம் ஒரு மாதம் தவணை கேட்டார். மூன்று நாள் தந்தார் பேராசிரியர். திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிட்டால் புலமைப்பரிசில் நிறுத்தப்படும் என்றார். அந்தக் காசு நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்பது கலாமுக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்து, விடிய விடிய வரைபலகையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராசிரியரே அறைக்கு வந்து பார்த்தார். வேலை முடியும் தறுவாயில் இருந்தது. கட்டித் தழுவிப் பாராட்டினார்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது "உழைத்தால் உயரலாம்" என்று முடித்துவிடுவது வழக்கம். நிதி கொடுக்கப் போகிறவர்கள் இதை வேறு விதமாக வாசிக்க வேண்டும். காசு கொடுத்தவர்கள் பிள்ளையின் வேலையை நேரில் வந்து பார்த்தார்கள். எது மோசம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். அவர் கண்டிக்கவும் செய்தார், ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையின் அறைக்குத் தேடிப் போகவும் செய்தார். வங்கிக் கணக்குக்குக் காசை அனுப்பிவிட்டு, ஆண்டு முடிவில் பரிசளிப்பு விழாப் படத்தைக் கேட்பது வேறு வேலை.

இன்னும் ஒன்று. படிப்பு முடித்து, பெங்களூரில் ஹிந்துஸ்தான் நிறுவனத்தில் பயிற்சி பெற்றபின், கலாம் விமானப்படைத் தேர்வுக்கு டெஹ்ராடூன் போனார். 25 பேர் வந்திருந்தார்கள். எட்டு இடங்கள். அவர் ஒன்பதாவதாக வந்தார். விமானி ஆகும் கனவு அத்தோடு முடிந்தது. மனம் உடைந்து ரிஷிகேஷ் வரை போய்விட்டு, டில்லி திரும்பி, பாதுகாப்பு அமைச்சின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் 1958இல் வேலைக்குச் சேர்ந்தார். பின் நடந்ததை உலகம் அறியும். 2006 ஜூன் 8 அன்று, 74ஆவது வயதில், ஜனாதிபதியாக இருந்தபோது, புனேயில் சுகோய் போர் விமானத்தில் துணை விமானியின் இருக்கையில் இருந்து பறந்தார்.

இங்கேதான் எங்கள் விவாதத்துக்கான முதல் விடை இருக்கிறது. கலாமுக்குக் கிடைத்த உதவி "விமானி ஆவதற்கு" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த ஒன்பதாவது இடத்தோடு அந்தக் காசு முழுவதும் நட்டக் கணக்காகியிருக்கும். அவர் கையில் விமானப் பொறியியல் என்ற படிப்பு இருந்தது. ஒரு கதவு மூடியதும் இன்னொரு கதவைத் தட்ட முடிந்தது. ஆகவே எங்கள் நிதியின் பெயரில் "விமானி" என்ற சொல் வருவதை நான் விரும்பவில்லை. "விமானத்துறை" என்று இருக்கட்டும்.

ஒரு விமானம் பலாலியில் இறங்கி ஏறுவதற்கு முன்னால் இருப்பவர்கள் இரண்டு விமானிகள். பின்னால் இருப்பவர்கள் எத்தனை பேர்! வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விமானப் பராமரிப்புப் பொறியியலாளர், தொழில்நுட்பவியலாளர், வானிலை அவதானிப்பாளர், தொடர்பாடல் கருவிகளைப் பார்ப்பவர், தீயணைப்பு வீரர், சரக்குப் பிரிவினர், பாதுகாப்புச் சோதனையாளர், பயணிகள் சேவை ஊழியர். இவர்களில் பலருக்கு விமானிப் பயிற்சி அளவுக்குச் செலவில்லை. சில வேலைகளில் ஆட்சேர்ப்புக்குப் பிறகு பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வேலைகளின் பெயரே தெரியாது என்பதுதான் முதல் வறுமை.

இரண்டாவது கதை தூர தேசத்தது. அமெரிக்காவில் பெஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண். சிகாகோவில் நகம் திருத்தும் வேலை செய்தவர். விமானம் ஓட்டப் பழக வேண்டும் என்று ஆசை. கறுப்பினத்தவர் என்பதாலும் பெண் என்பதாலும் அங்கே ஒரு பறப்புப் பள்ளியும் சேர்க்கவில்லை. அவரிடம் கொஞ்சம் சேமிப்பு இருந்தது, ஆனால் காசு இருந்தும் கதவு திறக்கவில்லை. "சிகாகோ டிபெண்டர்" என்ற கறுப்பினப் பத்திரிகையை நடத்திய ரொபர்ட் அபொட், பிரான்சுக்குப் போ என்று வழி சொன்னார். ஆதரவும் திரட்டப்பட்டது. பெஸி பிரெஞ்சு மொழி படித்தார், கப்பலேறினார், 1921 ஜூன் 15 அன்று சர்வதேச விமானி உரிமம் பெற்றார். தன் மக்களுக்கு ஒரு பறப்புப் பள்ளி தொடங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அது நிறைவேறுமுன் 1926இல் விமான விபத்தில் இறந்தார். மூன்று ஆண்டுகளின் பின் லொஸ் ஏஞ்சலிஸில் அவர் பெயரால் ஒரு விமானக் கழகம் தொடங்கப்பட்டு, கறுப்பின இளைஞர்கள் அங்கே பறக்கப் பழகினார்கள்.

இதில் அபொட் செய்த உதவியைக் கவனியுங்கள். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொன்னது பெரிய உதவி. பெஸி காசுக்கு முன் மொழியைப் படித்ததையும் கவனியுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழி ஆங்கிலம். சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலையை எட்டியிருக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 2008 முதல் நடைமுறையில் உள்ளது. இலக்கணப் பரீட்சை எழுதுவது அதில் இல்லை. காதில் விழுவதைப் புரிந்து, உடனே தெளிவாகப் பதில் சொல்வதுதான் சோதனை. எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அதுதான் என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது கதை ஹைதராபாத். பழைய நகரத்தில் பேக்கரியில் வேலை செய்த ஒருவரின் மகள் ஸைதா ஸல்வா பாத்திமா. பிளஸ் டூ முடித்த பிள்ளை விமானியாக வேண்டும் என்றார். "ஸியாஸத்" உருதுப் பத்திரிகையின் ஆசிரியர் ஸாஹித் அலி கான் அவருக்கு உதவினார். 2007இல் பயிற்சி தொடங்கி, 2013இல் வர்த்தக விமானி உரிமம் கையில் வந்தது. ஊரே கொண்டாடியது. ஆனால் வேலை வரவில்லை. ஏன்? வர்த்தக உரிமம் மட்டும் போதாது. பல எஞ்சின் விமானப் பயிற்சி வேண்டும், பிறகு நிறுவனம் ஓட்டும் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி வேண்டும். அதற்கு மீண்டும் பல இலட்சம் ரூபா. உரிமத்தோடு வீட்டில் இருந்தார். இடையில் திருமணமும் ஆனது, பிள்ளையும் பிறந்தது. கடைசியில் தெலங்கானா அரசு அந்த மீதித் தொகையைக் கொடுத்தது. பயிற்சி முடித்துத் தனியார் விமான நிறுவனத்தில் சேர்ந்தார்.

எங்கள் தீவு மக்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் இருக்கும் வாணர் பாலத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தால் யாருக்குப் பயன்? மலாயாவில் உழைத்து ஊர் திரும்பிய வாணர் சகோதரர்கள் அந்தத் தாம்போதிக்காக அலைந்ததனால்தான் இன்றும் அவர்கள் பெயரில் அது நிற்கிறது. மறு கரையைத் தொட்டால்தான் அது பாலம். பாதி விமானிப் பயிற்சிக்குக் காசு கொடுப்பதும் அப்படித்தான். பிள்ளையின் தலையில் ஒரு கடனும், சுவரில் ஒரு சான்றிதழும் மிஞ்சும். ஒரு நிதியால் கடைசி வரை கொண்டுபோக முடியாது என்றால், அந்தப் பயணத்தைத் தொடங்கி வைக்கக் கூடாது. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வர்த்தக உரிமத்துக்கு மட்டும் சர்வதேச விதிப்படி 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சி நெறியென்றால் 150. ஒவ்வொரு மணிக்கும் காசு.

அப்படியானால் ஊர் நிதி என்ன செய்யலாம்? இதற்கும் வரலாற்றில் விடை உண்டு.

அமெலியா எயார்ஹார்ட் 1937இல் பசிபிக் கடலில் காணாமல் போனார். அவர் முதல் தலைவியாக இருந்த பெண் விமானிகள் அமைப்பு, அவர் நினைவாக 1941 முதல் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. இத்தனை ஆண்டுகளாக அது நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம், ஏற்கெனவே பாதி வழி வந்தவருக்கு அடுத்த படிக்கான உதவியை அது கொடுப்பது. ஒரு குறிப்பிட்ட பயிற்சி, ஒரு குறிப்பிட்ட உரிமம், அதற்கான செலவு. முடிந்ததா இல்லையா என்று பார்க்கலாம்.

எங்கள் நாட்டிலோ அதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதோடு கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளும், ஐந்தாம் வகுப்பிலேயே திறமையான பிள்ளையைக் கண்டுபிடித்து அங்கே அனுப்பும் புலமைப்பரிசிலும் வந்தன. தீவகத்துக்கு அப்படிக் கிடைத்ததுதான் வேலணை மத்திய கல்லூரி. அதில் படித்து வைத்தியரானவர்கள், பொறியியலாளரானவர்கள், அதிபரானவர்கள் எத்தனை பேர் என்று இதை வாசிப்பவர்களுக்கே தெரியும். கன்னங்கரா எந்தப் பிள்ளையையும் பொறியியலாளர் ஆக்கவில்லை. பொறியியல் பீடத்து வாசல் வரை நடந்து போகக்கூடிய பாதையைப் போட்டார்.

எங்கள் நிதியும் அந்தப் பாதையைத்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. என் முன்மொழிவு ஐந்து.

ஒன்று. கண் பரிசோதனை. விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். கட்டுப்பாட்டாளருக்கு மூன்றாம் வகுப்பு. கண்ணாடி போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஆசையைக் கைவிடும் பிள்ளைகள் உண்டு. அது தவறு. கண்ணாடியால் சரியாகும் பார்வைக் குறை பெரும்பாலும் தடையாவதில்லை. நிறங்களைப் பிரித்தறியும் திறன்தான் முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. இதைப் பத்தாம் வகுப்பிலேயே அறிந்துகொண்டால், ஒரு பிள்ளை எந்தப் பக்கம் போவது என்று நேரத்தோடு முடிவெடுக்கும். குறை இருக்கும் பிள்ளைக்குப் பொறியியலோ பராமரிப்போ திறந்திருக்கிறது.

இரண்டு. கணிதமும் பௌதிகவியலும். க.பொ.த. உயர்தரத்தில் இந்தப் பாடங்கள் இல்லாமல் விமானத்துறையின் பெரும்பாலான கதவுகள் திறக்காது. தீவுப் பிள்ளை நல்ல வகுப்புத் தேடி யாழ் நகருக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. பஸ்ஸைப் பற்றிச் சொன்ன அந்தச் சகோதரர் நகைச்சுவைக்காகச் சொன்னாரோ தெரியாது. நான் அதை உண்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கான பஸ் கட்டணமும், பிந்திய நாட்களில் நகரில் தங்க ஓர் இடமும்தான் எங்கள் பிள்ளைக்கு முதலாவது விமானப் புலமைப்பரிசில்.

மூன்று. பேச்சு ஆங்கிலம். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உங்கள் பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரம் எங்கள் பிள்ளைகளோடு வாட்ஸ்அப்பில் பேசட்டும். இதற்குக் காசு வேண்டாம். அனுப்பும் காசை விட இது பெரிது.

நான்கு. விண்ணப்பம், பரீட்சைக் கட்டணம், மருத்துவச் சான்று, கொழும்புக்குப் போய்த் தங்கி நேர்முகத் தேர்வுக்கு முகம் கொடுக்கும் செலவு. கலாம் குடும்பத்துக்கு அன்று ஆயிரம் ரூபா எப்படியோ, எங்கள் வீடுகளுக்கு இன்று இந்தச் சிறு செலவுகள் அப்படி. தகுதி இருந்தும் நேர்முகத்துக்குப் போகாமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அக்காவின் வளையல் அடகுக் கடைக்குப் போகாமல் தடுக்கக்கூடியது இந்த நான்காவது அம்சம்தான்.

ஐந்து. பொறுப்பாக ஓர் ஆள். சீனிவாசன் போல ஒருவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறியியல் தெரிந்த அல்லது விமானத்துறையில் இருக்கும் ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை பேச வேண்டும். படிக்கிறதைப் பார்க்க வேண்டும். மோசம் என்றால் மோசம் என்று சொல்ல வேண்டும். நன்றாகச் செய்தால் கட்டித் தழுவ வேண்டும்.

முழு விமானிப் பயிற்சி? இந்த ஐந்து படியையும் ஏறி, உயர்தரமும் முடித்து, மருத்துவச் சான்றும் பெற்று, இன்னும் விமானிதான் ஆக வேண்டும் என்று நிற்கும் பிள்ளை ஒன்று வரட்டும். அன்று முழுத் தொகைக்கும் வழி இருக்கிறதா என்று எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். இருந்தால் மறு கரை வரை போவோம்.

இனி அந்தப் பதில்களுக்கு. ஒரு பிள்ளைக்கா நாற்பது பிள்ளைக்கா என்றவருக்கு: முதல் நான்கு அம்சங்களும் நாற்பது பிள்ளைக்கும் பயன்படும். விமானத்துறைக்குப் போகாத பிள்ளைக்கும் அந்தக் கணிதமும் ஆங்கிலமும் வீணாகாது. வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள் என்றவருக்கு: போகட்டும். இந்த நிதியைத் தொடங்கலாமா என்று கேட்டவர்களே அப்படிப் போனவர்கள்தானே. போனவர்கள் ஊரை மறக்கவில்லை என்பதற்கு இந்த விவாதமே சாட்சி. ஆனால் பலாலியில் வேலைகள் வரும்போது விண்ணப்பிக்கத் தகுதியான பிள்ளை தீவகத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிதி எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சமயம், ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது. இது ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐயர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. மரியாதை மட்டும் இருக்கிறது. அவருடைய பேத்தி ஒருநாள் பலாலிக் கோபுரத்தில் இருந்து, மழை நாளில் ஒரு விமானத்தைப் பத்திரமாக இறக்கினால், அந்தச் சத்தத்துக்கு அவர் காதில் வேறு அர்த்தம் வரலாம். வராமலும் போகலாம்.

நிதி எப்போது தொடங்கும், எவ்வளவு சேரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கண் பரிசோதனையும் பஸ் கட்டணமும் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். கண் மருத்துவத்தில் வேலை செய்யும் ஊரவர் யாராவது ஒரு சனிக்கிழமை தர முடியுமென்றால் எனக்குச் சொல்லுங்கள். மண்டபம், மேசை, கதிரை, தேநீர் எங்கள் பொறுப்பு.